மானுக்கு விதைக்கிறார்கள்!

பனியில் தூவிய விதை, வசந்தத்தில் பசும்புல்

மார்ச் மாதம். விடியற்காலை. மண் கல்லைப் போல் உறைந்து கிடக்கிறது. மரங்களில் ஓர் இலை கூட இல்லை. மூச்சு விட்டால் புகை புகையாக வருகிறது.

அந்தக் குளிரில் ஒரு விவசாயி தன் நிலத்துக்கு வருகிறார். காலில் முழங்கால் வரை பூட்ஸ். தோளில் ஒரு துணிப்பை. பையின் அடியில் கைப்பிடி வைத்த சிறிய சக்கரம். அதைச் சுற்றிக்கொண்டே நடக்கிறார். கடுகைவிடச் சிறிய விதைகள் விசிறி போல் சிதறி விழுகின்றன.

உழவு கிடையாது. தண்ணீர் பாய்ச்சவில்லை. விதைக்கு மேல் மண்ணைத் தள்ளி மூடவும் இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காப்பி குடிக்க வீட்டுக்குப் போய்விட்டார்!

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விதைப்பு இது. விளைவதை அவர் அறுக்கப் போவதில்லை. சந்தைக்கு அனுப்பப் போவதும் இல்லை. காட்டு மான்கள் வந்து மேய வேண்டும் என்பதற்காகவே விதைக்கிறார்.

மான் வயலில் இறங்கினால் தடி எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் விவசாயியின் வழக்கம். மானுக்கென்றே விதைக்கிற விவசாயியும் உண்டா? உண்டு. அவர் அப்படிச் செய்வதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

அழிய இருந்த மான்

அந்த மானுக்கு வெள்ளைவால் மான் என்று பெயர். வாலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். பயந்துவிட்டால் வாலை நிமிர்த்திக்கொண்டு பாயும். காட்டுக்குள் யாரோ வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு ஓடுவது போல் தெரியும். நம் ஊர்ப் புள்ளிமானுக்கு ஆயுள் முழுவதும் உடம்பில் புள்ளி உண்டு. இந்த மானுக்குக் குட்டிப் பருவத்தில் மட்டும்தான் புள்ளி.

ஒரு காலத்தில் அமெரிக்கக் காடுகளில் இந்த மான்கள் கோடிக்கணக்கில் திரிந்தன. பிறகு காடுகளை வெட்டினார்கள். இறைச்சிக்கும் தோலுக்கும் மானைச் சுட்டு, வண்டி வண்டியாக நகரங்களுக்கு அனுப்பினார்கள். 1900-ம் ஆண்டு வாக்கில் நாடு முழுவதும் தேடினால் ஐந்து லட்சம் மான் கூடத் தேறாது என்ற நிலை வந்துவிட்டது.

அப்போதுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. சட்டத்துக்கு மாறாகக் கொன்ற காட்டு விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்கக் கூடாது என்று 1900-ல் ஒரு சட்டம் வந்தது. 1937-ல் இன்னொரு சட்டம். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரிப் பணத்தைக் காட்டு விலங்குகளின் நலத்துக்கே செலவிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். வேட்டைக்காரன் கொடுத்த காசிலேயே மான் பெருகத் தொடங்கியது.

இன்று அந்த நாட்டில் சுமார் 3 கோடி வெள்ளைவால் மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். காட்டில் மட்டுமா? பட்டணத்து ஓரத்திலும் நிற்கின்றன. வீட்டுத் தோட்டத்து ரோஜாவைக் கடிக்கின்றன. இரவில் காரின் முன்னால் பாய்கின்றன.

உணவும் உயிரும்

விஸ்கான்சினில் மான் வேட்டை என்பது ஒரு திருவிழா. நவம்பர் மாதக் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை நடக்கும். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒன்றாகப் போவதும் உண்டு.

வேட்டைக்குப் போகிறவர் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட வேண்டும் என்பது சட்டம். மானென்று நினைத்து மனிதனைச் சுட்டுவிடக் கூடாதே! 2016 முதல் பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

சுட்ட மானின் இறைச்சியை விற்கக் கூடாது. குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வேண்டாதவர்கள் தானமாகக் கொடுக்கலாம். அப்படி வரும் இறைச்சியை ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்கு அனுப்ப 2000-ம் ஆண்டு முதல் ஒரு திட்டமே நடக்கிறது.

காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று ஒரு துண்டை மானுக்காக ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் மான் தோட்டம். வேட்டை நாளில் மான் அந்தப் பக்கம் வர வேண்டும் என்பது ஓர் எண்ணம். மற்ற நாட்களில் அது கொழுத்துச் செழிக்க வேண்டும் என்பது இன்னோர் எண்ணம்.

“சோறும் போட்டுச் சுடவும் செய்வதா?” என்று கேட்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், துப்பாக்கி பேசுவது அந்த ஒன்பது நாளும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில வாரங்களும். மான் தோட்டம் பசுமையாக இருப்பதோ ஏறக்குறைய ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அங்கே மேய்கிற மான்களில் பெரும்பாலானவை யாருடைய குண்டுக்கும் இரையாவதில்லை. அங்கே குட்டி வளர்கிறது. முயல் வருகிறது. வான்கோழி வருகிறது. தேனீயும் வருகிறது.

மூன்று இலைச் செடி

அங்கே விதைப்பது குளோவர் என்ற சிறு செடி. ஒரு காம்பில் மூன்று இலை. இலையின் நடுவில் வெள்ளைப் பட்டை. வெள்ளை வகை தரையோடு தரையாகப் படரும். வெள்ளைக் குளோவரும் சிவப்புக் குளோவரும்தான் அங்கே அதிகம். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கு வந்தவை. வெள்ளைக் குளோவர் நம் நீலகிரியிலும் உண்டு. ஊட்டியில் புல்தரையில் உட்கார்ந்தவர்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள், பெயர் தெரிந்திருக்காது.

ஆயிரத்தில் ஒரு காம்பில் நான்கு இலை இருந்தாலே பெரிய விஷயம். அதைக் கண்டெடுத்தால் அதிர்ஷ்டம் என்று மேல்நாட்டார் புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாப்பார்கள். மானுக்கு மூன்றும் ஒன்றுதான், நான்கும் ஒன்றுதான்.

உளுந்து, பயறு, அகத்தி ஆகியவற்றுக்குக் குளோவர் உறவு. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பது போலத்தான்! அதனால் குளோவருக்கு யூரியா வாங்கிப் போட வேண்டியதில்லை.

புதிதாகக் குளோவர் போடுகிற நிலத்தில் அந்த நுண்ணுயிர் இல்லாமல் போகலாம். ஆகையால் விதையோடு அதைக் கலந்து தூவுகிறார்கள். நம் பக்கத்தில் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து உளுந்து விதையைப் புரட்டி எடுக்கிறார்களே, அதே வேலைதான்.

குளோவர் இலை காய்ந்தபின் எடை போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் புரதம். மானுக்கு அது எப்போது தேவையோ அப்போது கிடைக்கிறது என்பதுதான் இதில் பெரிய செய்தி.

குளிர்காலம் முடியும்போது மான் எலும்பும் தோலுமாக நிற்கும். ஆண் மான் பழைய கொம்பை உதிர்த்துவிட்டிருக்கும். ஏப்ரலில் புதுக் கொம்பு முளைக்கத் தொடங்கி, ஆகஸ்டுக்குள் முழுக் கொம்பாகிவிடும். விலங்குகளின் உடம்பில் இத்தனை வேகமாக வளரும் உறுப்பு அரிது. பெண் மானின் வயிற்றில் குட்டி இருக்கும். மே கடைசியிலும் ஜூனிலும் ஈனும். ஒன்று அல்ல, பெரும்பாலும் இரண்டு. குட்டி ஒன்று சுமார் 3 கிலோ இருக்கும். இரண்டு குட்டிக்கும் பால் சுரக்க வேண்டுமே! கொம்புக்கும் பாலுக்கும் புரதம் தேவைப்படுகிற அதே மாதங்களில்தான் குளோவர் செழித்து நிற்கிறது.

பனியே உழவன்

உறைந்த மண்ணில் தூவினால் விதை எப்படி முளைக்கும்?

மார்ச்சில் அங்கே இரவில் உறைபனி. பகலில் இளவெயில். மண்ணில் உள்ள ஈரம் இரவில் பனிக்கட்டியாகி மண்ணை மேலே தூக்கும். தரை தேன்கூடு போல் பிளந்துகொள்ளும். விதை அந்தப் பிளவில் விழும். பகலில் பனி இளகும். பிளவு மூடும். மறுநாள் இரவு மறுபடியும் பிளக்கும், மறுபடியும் மூடும். இப்படியே இரண்டு மூன்று வாரம். ஏர் பிடிக்காமலே விதை மண்ணுக்குள் போய்விடுகிறது. வெயில் ஏறியதும் முளை விடுகிறது.

குளோவர் விதையைக் கால் அங்குலத்துக்குமேல் ஆழத்தில் புதைத்தால் முளை மேலே வரத் திணறும். பெரிய ஏர் பிடித்து ஆழ உழுது விதைப்பவன் இந்தப் பயிரில் தோற்கிறான். பனியிடம் விட்டவன் ஜெயிக்கிறான்.

வெள்ளைக் குளோவர் விதை ஒரு கிலோவில் சுமார் 15 லட்சம் இருக்கும். அரை ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். ஒரு சதுர அடிக்கு எழுபது விதை விழுகிறது. எல்லாம் முளைப்பதில்லை. பறவை கொத்தும், வெள்ளம் அடிக்கும், பனி கருக்கும். கால்வாசி தேறினாலும் தரை மூடிவிடும்.

காலையிலேயே தூவிவிட வேண்டும். பத்து மணிக்குமேல் மண் இளகிச் சேறாகிவிடும், பூட்ஸ் புதையும். தரையில் பனித்தூள் மெல்லிய போர்வையாக இருந்தால் நல்லது. விதை விழுந்த இடமும் விழாத இடமும் வெள்ளையில் நன்றாகத் தெரியும். பனி குவிந்து கிடந்தால் கூடாது. அது உருகும்போது விதையையும் சேர்த்துச் சரிவில் இழுத்துப்போய்விடும்.

நிற்கிற பயிருக்குள் விதைக்கிற இந்த வித்தை காவிரிக் கரை விவசாயிக்குப் புதிதல்ல. தஞ்சைப் பக்கத்தில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிக்கிறார்கள். அங்கே மண்ணின் ஈரம் செய்கிற வேலையை விஸ்கான்சினில் பனி செய்கிறது.

இலையுதிர் காலத்துக்கு முன்பே விதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகஸ்டில் ஓட்ஸ் தானியத்தோடு குளோவரையும் சேர்த்துத் தூவுகிறார்கள். ஓட்ஸ் வேகமாக எழும்பும். மான் அதை மேயும். அதன் நிழலில் குளோவர் சத்தமில்லாமல் வேர் விடும். கடுங்குளிரில் ஓட்ஸ் செத்துவிடும். வசந்தத்தில் நிலம் குளோவருக்கே சொந்தம். அங்கங்கே சொட்டை விழுந்திருந்தால் மார்ச்சில் மறுபடியும் மேலே ஒரு தூவல்.

எங்கே தவறுகிறார்கள்?

அடர்ந்த புல்லின் மேல் தூவிவிட்டு முளைக்கவில்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. விதை மண்ணைத் தொட வேண்டும். அதற்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே புல்லை ஒட்ட வெட்டி, இடையிடையே மண் தெரியும்படி செய்திருக்க வேண்டும்.

புளித்த மண்ணிலும் குளோவர் வராது. காட்டு ஓரத்து மண் பெரும்பாலும் அமிலம் மிகுந்தது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பிச் சுண்ணாம்பு போட வேண்டும். சுண்ணாம்பு வேலை செய்ய ஐந்தாறு மாதம் பிடிக்கும். விதைப் பைக்கு நூறு டாலர் கொடுக்கத் தயங்காதவர், சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கச் சோம்பல்படுகிறார். தோல்வியில் பாதி இதனால்தான்.

பையைப் படிக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. சில விதைகளின் மேல் நுண்ணுயிரும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு இருக்கும். பூச்சு நல்லதுதான். ஆனால் பையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பூச்சாகவே இருக்கும்! அளவைக் கூட்டித் தூவாவிட்டால் பயிர் மெலிந்து போகும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் குளோவருக்கு ஒரு பகை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேர் முடிச்சுகளால் மண் ஆண்டுக்காண்டு வளமாகிறது. வளம் கண்ட இடத்தில் புல் வருகிறது. தழைச்சத்தைத் தின்று புல் தழைக்கிறது. சத்தைச் சேர்த்து வைத்த குளோவரையே நெருக்குகிறது. வெள்ளைக் குளோவர் மூன்று முதல் ஐந்து ஆண்டு தாங்கும். களையை வெட்டி, மார்ச்சில் மேல்தூவல் போட்டு வந்தால் கூடச் சில காலம் நீடிக்கும். பிறகு அங்கே ஓட்ஸோ கோதுமையோ போட்டு, சேர்ந்த வளத்தைத் தின்னவைத்துவிட்டு மறுபடியும் குளோவருக்குத் திரும்புகிறார்கள்.

இரக்கத்தால் செத்த மான்

குளிர்காலத்தில் குளோவர் பனிக்கடியில் போய்விடும். அப்போது மான் மரக்கிளையின் நுனியையும் மொட்டையும் கடித்துப் பிழைக்கிறது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சேர்த்த கொழுப்புத்தான் கைகொடுக்கும்.

இளைத்த மானைப் பார்த்து மனம் இளகி, சோளம் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் உண்டு. மான் ஆவலோடு தின்னும். இரண்டொரு நாளில் செத்துக் கிடக்கும். வயிற்றை அறுத்துப் பார்த்தால் நிறையச் சோளம்!

மாட்டைப் போல் மானுக்கும் அசைபோடும் வயிறு. அதில் உள்ள நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்கின்றன. குச்சி தின்று பழகிய வயிற்றில் திடீரென்று சோளம் விழுந்தால் அமிலம் பெருகி மானையே கொன்றுவிடும். பசி கொல்லாததைப் பரிவு கொன்றுவிடுகிறது.

கொட்டிய குவியலில் இன்னொரு அபாயமும் உண்டு. பத்து மான் ஒரே இடத்தில் மூக்கை வைக்கும். எச்சில் கலக்கும். 1967-ல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட ஒரு நோய் 2002-ல் விஸ்கான்சினிலும் தெரிந்தது. மூளையைத் தாக்கி, உடம்பை உருக்கிக் கொல்லும் நோய். மருந்து கிடையாது. அந்த நோய் கண்ட மாவட்டங்களில் தீனி கொட்டக் கூடாது என்று தடை இருக்கிறது. பயிராக விளைந்து நிற்கும் குளோவருக்கு அந்தத் தடை இல்லை. அரை ஏக்கரில் மான்கள் பரவி மேயும் என்பது காரணம். பரவினாலும் கூட்டம் கூட்டம்தானே என்று சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

கம்பிக் கூண்டு

விவரம் தெரிந்தவர்கள் மான் தோட்டத்தின் நடுவில் ஒரு கம்பிவலைக் கூண்டை நட்டுவைப்பார்கள். ஒரு பீப்பாய் அகலம்தான் இருக்கும். கூண்டுக்குள் உள்ள குளோவரில் மான் வாய் வைக்க முடியாது.

ஜூலையில் போய்ப் பார்த்தால் உண்மை தெரியும். உள்ளே ஒரு சாண், வெளியே அரைச் சாண் என்றால் கவலை இல்லை. உள்ளே ஒரு சாண், வெளியே விரல் நகத்தின் உயரம் என்றால் மான் அதிகம் என்று அர்த்தம். தோட்டம் இப்படி இருந்தால் காடும் அப்படித்தான் இருக்கும். ஓக் மரக் கன்றுகள், காட்டுப் பூக்கள் எல்லாம் முளையிலேயே கடிபட்டுப் போயிருக்கும். இன்னும் எத்தனை கிலோ விதை தூவினாலும் அந்தக் கூட்டத்துக்குக் காணாது.

அப்போது பெண் மானைச் சுட்டாக வேண்டும். இது வேட்டைக்காரனுக்கே கசப்பான பேச்சு. அவன் ஆசைப்படுவது பெரிய கொம்புள்ள ஆண் மானுக்கு. “குட்டி ஈனும் தாயைச் சுடுவதா?” என்று அவன் வீட்டிலேயே கேட்பார்கள்.

இந்தச் சண்டை பழையது. விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ஆல்டோ லியோபோல்ட் என்ற பேராசிரியர் இருந்தார். அமெரிக்காவின் வனவிலங்கு இயலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1940-களின் தொடக்கத்தில் மாநிலத்தின் வடக்குக் காடுகளில் மான்கள் மிதமிஞ்சிப் பெருகி, குளிர்காலத்தில் பட்டினியால் சாவதை அவர் எடுத்துச் சொன்னார். பெண் மானையும் குறைக்க வேண்டும் என்றார். 1943-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் சுடப்பட்டன. ஜனங்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் திட்டின. அவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. 1948-ல், பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்துபோனார்.

இப்போது பகுதிக்குப் பகுதி, எத்தனை பெண் மானைச் சுடலாம் என்று கணக்குப் போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். கூண்டைப் பார்த்தவர் அந்தச் சீட்டை வாங்குகிறார். வீட்டில் மறுபடியும் பேச்சு எழுகிறது. அவர் பதில் சொல்லாமல் மகனை அழைத்துக்கொண்டு போய், கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கையை வைத்து அளக்கச் சொல்கிறார்.

நவம்பர் முடிகிறது. பனி விழத் தொடங்குகிறது. குளோவர் மறைந்து, கூண்டின் மேல்வளையம் மட்டும் வெளியே தெரிகிறது. கொட்டகையின் ஆணியில் விதைப்பை தொங்குகிறது. மார்ச்சுக்கு இன்னும் மூன்று மாதம்.